ஒரு கால் அதிகம்

நாற்பத்தேழாவது நிமிடத்தில் செத்துப்போகிறது.
ஒவ்வொரு முறையும்.
லுவ்சன்தாஷ் வீட்டுக் கல்யாண வீடியோவில்
மாப்பிள்ளையின் சித்தப்பா வெள்ளிக் கிண்ணத்தை
இரு கையாலும் நீட்டுகிற இடம்.
கிண்ணம் யாரிடமும் போய்ச் சேருவதில்லை.
திரை கறுக்கிறது. விசிறி நிற்கிறது.
ஒரு மூச்சு கழித்துத் தானே எழுந்து
மூன்று முறை கீச்சிடுகிறது,
ஒன்றுமே நடக்காதது போல.

சனிக்கிழமை தருவதாக முன்பணம் வாங்கியாயிற்று.
முன்பணத்தில் தெமூகேவுக்குப் பூட்ஸும் வாங்கியாயிற்று.

உலான்பாத்தரில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னல் விளிம்பெல்லாம் நிலக்கரிப் புகை.
உள்ளே காற்று காய்ந்து முறுகிக் கிடக்கிறது,
கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கிறது.
பெட்டிக்குள் கை விடுமுன்
சுடுநீர்க் குழாயைத் தொட்டு
என் குட்டி மின்னலை அதனிடம் கொடுத்துவிடுகிறேன்.
தெமூகேயும் தொட்டுக்கொள்கிறான். ஒன்பது வயது.
டார்ச் பிடிப்பது அவன் வேலை.
பேசாமலிருப்பதும்தான்;
அதற்குக் கூலி பேசவில்லை என்பதால் செய்வதில்லை.

மூன்று கீச்சு என்றால் ராம், என்றது கையேடு.
ராம் விற்றது கோம்போசுரேன்,
நாரன்தூல் சந்தையின் பின்வரிசையில்,
சேணங்களுக்கும் சைக்கிள் செயினுக்கும் நடுவே.
போய் நின்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள்
தேநீரை ஊதுவதை நிறுத்திக் கேட்டார்கள்.
அவன் மறுக்கவில்லை.
ஒற்றைக் கையுறையைப் பல்லால் கழற்றினான்,
வேறொரு ஜோடி எடுத்தான்,
தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துக் கொடுத்தான்.

நாற்பத்தாறு நிமிடம்.
கிண்ணம் இன்னும் சித்தப்பாவின் கையிலேயே.

கீழ்வீட்டு உயங்கா
தன் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி
ஒரு ராத்திரிக்கு இரவல் தந்தாள்.
அதோடும் செத்தது.
கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆமை வேகத்தில் ஓடி
அப்படியும் செத்தது.
பிராசஸர் மேல் பசையை வழித்துப் புதிதாய்த் தடவினேன்.
டிஸ்க், கேபிள், அந்த அற்ப பவர் பட்டன்கூட.
ஒவ்வொன்றாய் விசாரித்து
குற்றமில்லை என்று கட்டிலில் வைத்தேன்.
கட்டில் நிறைந்தது.
நாங்கள் தரையில் படுத்தோம்.

விடியற்காலை நாலு மணி.
கடைசியாய் மிஞ்சிய மதர்போர்டைத் தூக்கி
முதுகைத் திருப்பினேன்.
ஈயப் புள்ளிகளுக்கு நடுவே
உளுந்தளவு வட்டமாய் ஒரு பளபளப்பு.
அதற்கு நேர் கீழே பெட்டியில்
ஒரு பித்தளைக் கால், தலையில் கருகலோடு.
போர்டில் ஓட்டை எட்டு.
கால்கள் ஒன்பது.

அக்டோபரில் பூட்டும்போது
பொட்டலத்தில் இருந்த எல்லாவற்றையும் திருகியது நான்தான்.
எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்கிற என் சிக்கனம்.
குளிர்ந்திருக்கையில் இரண்டுக்கும் நடுவே
மயிரிழை இடம் இருந்திருக்க வேண்டும்.
சூடேறச் சூடேறப் பலகை முதுகைத் தளர்த்தி
அதன் மேல் சாய்ந்திருக்கிறது.
சாய முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.
நானும் அவ்வளவு நேரம்தான் தாங்குவேன்.

இடுக்கியால் ஒரே திருகு.
வந்துவிட்டது. பால்பல் போல உள்ளங்கையில் கிடந்தது.

நாற்பத்தெட்டாம் நிமிடத்தில்
கிண்ணம் பெண்ணின் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.
அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.
இதற்குத்தானா.

ஞாயிறு சந்தைக்குப் போனேன்.
மன்னிப்பை பஸ்ஸில் ஏழு விதமாய்ச் சொல்லிப் பார்த்திருந்தேன்.
"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றான் கோம்போசுரேன்.
"ஒரு விசிறி வேணும்" என்று வந்தது வாயில்.
தட்டின் மூலையில் என் பழைய ராம்கள்.
நூலால் கட்டி, அட்டையில் அவன் கையெழுத்து:
சந்தேகம். பாதி விலை.

"அதையும் கொடுங்க."
"அது சரியில்ல."
"கொடுங்க."

முழு விலையை நீட்டினேன்.
எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினான்,
பாதியைத் திருப்பித் தந்தான்.